சபை விலக்கியது, மன்னர் அழைத்தார்

தேவாலயத்துக்காகப் பாட்டெழுதிய ஒருவருக்கு அந்தச் சபையாலேயே வேலை போன கதை தெரியுமா?

நம்ம நாகலாபுரம் கரிசல் பக்கம், மார்கழிக் குளிரில் ஆர்மோனியமும் தாளமுமாகக் கிறிஸ்தவக் கீர்த்தனை பாடிக்கொண்டு வருவார்கள், இல்லையா? அந்தக் கீர்த்தனை மரபை வளர்த்தவர்களில் பெரியவர் வேதநாயக சாஸ்திரியார். பிறந்தது திருநெல்வேலி, வாழ்ந்தது தஞ்சாவூர். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர்.

அவர் வேலை பார்த்த மிஷனுக்குப் பின்னாளில் வந்த வெள்ளைக்காரப் பாதிரிமார், ஆராதனையில் கர்நாடக இசைப்பாட்டு கூடாது, திருநாளில் பூ அலங்காரம் கூடாது என்றார்கள். கோயிலுக்குள் சாதி பார்த்துத் தனித்தனியே உட்காரக் கூடாது என்றும் சொன்னார்கள். இதில் மட்டும் நியாயம் பாதிரிமார் பக்கம்தான்! சாஸ்திரியாரோ எல்லாவற்றையும் எதிர்த்தார். 1829-இல் மிஷன் வேலை போய்விட்டது.

கைகொடுத்தது யார் தெரியுமா? தஞ்சை மன்னர் சரபோஜி! மன்னர் இந்து, புலவர் கிறிஸ்தவர். ஆனால் இருவருமே சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் பாடம் படித்தவர்கள். பழைய பழக்கத்தை மறக்காத மன்னர், அவரை அரண்மனைப் புலவராக்கிச் சம்பளமும் கொடுத்தார்.

சாஸ்திரியாரின் பாட்டுகளை இன்றைக்கும் தமிழ்ச் சபைகளில் பாடுகிறார்கள்.