மேல் ஈறில் ஓர் உருண்டை

சுங்கை காடுட் ஒட்டுக்கடையில் தே ஆறிப்போயிற்று. எதிரே அக்கா கிளாசைத் தொடவே இல்லை. பக்கத்து வீட்டில் பிறந்த பெண் பிள்ளைக்கு மேல் ஈறில், முன்பக்கமாக, பட்டாணி அளவில் சிவப்பாய் ஓர் உருண்டை.

"மேல்பல் முதல்ல வந்தா தாய்மாமனுக்கு ஆகாதுன்னு கிழவி அழுவுது. கிரகணத்துல வெளிய போனியான்னு பெத்தவளப் போட்டு வாட்டுறாங்க."

பல் இல்லை அக்கா, சதை. ரப்பர் மரம் வெட்டின கை உங்களுடையது. ஒட்டுப்பாலை உருட்டினால் எப்படி அமுங்குமோ, அப்படி இருக்கும். பல் அமுங்காது. இந்தச் சதை பெரும்பாலும் காம்பு வைத்துத் தொங்கும். பிறவி எபுலிஸ் என்பார்கள். எபுலிஸ் என்றால் கிரேக்கத்தில் ஈறின்மேல் இருப்பது, அவ்வளவுதான். 1871இல் இதை முதலில் எழுதிவைத்தவர் கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் நாய்மன். இரத்தம் எலும்பு மஜ்ஜையில் ஊறுகிறது என்று 1868இல் சொன்னவரும் அவரேதான்.

மிக அபூர்வம். ஆண் பிள்ளை ஒன்றுக்கு வந்தால் பெண் பிள்ளை எட்டுப் பத்துக்கு வரும். கீழ் ஈறைவிட மேல் ஈறில்தான் அதிகம். ஏன் என்று கேட்டால், தாயின் ஹார்மோனைச் சந்தேகித்தார்கள். ஆனால் அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் இடத்தை இந்தச் சதையில் பெரும்பாலும் காணோம். பெற்றவள் செய்த தப்பு எதுவும் இல்லை. கிரகணத்தை விட்டுத்தள்ளுங்கள்.

கருவின் கடைசி மூன்று மாதங்களில்தான் வளர்கிறது. பிறந்ததும் நின்றுவிடும். சிறிதாக இருந்தால் தானே சுருங்கவும் கூடும், பார்த்துக்கொண்டிருக்கலாம். பெரிதாகி வாய் மூடவிடாமல் செய்தால், மூச்சுக்கோ பாலுக்கோ தடையானால், அறுத்து எடுப்பார்கள். கொஞ்சம் மிச்சம் இருந்தால்கூடத் திரும்ப வருவதில்லை. புற்றாக மாறியதாகவும் இல்லை. பிறந்த பிறகும் மளமளவென்று வளர்ந்தால், அதுவும் நீலம் பாய்ந்திருந்தால், அது வேறு கட்டி. உடனே சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"மயிரால கட்டி அறுத்துடலாம்னு கிழவி சொல்லுது."

அதை மட்டும் செய்ய விடாதீர்கள். காம்புக்குள் இரத்தக் குழாய் ஓடுகிறது.

"பிள்ளை பால் குடிக்குதா அக்கா?"

"குடிக்குது. ஆனா ஓரமா வழியுது. பிடிச்சிப் பிடிச்சி விட்டுடுது."

"நர்ஸ் மிஸ்ஸி வீட்டுக்கு வரும்போது, அந்த வழியிறதத்தான் முதல்ல சொல்லச் சொல்லுங்க."