பிள்ளையின் முகம் வாடினால்

ஒரு வீட்டில் 13 வயதுப் பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முன்பு ஓடி ஆடித் திரிந்தவள். இப்போது மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். தோழிகள் கூப்பிட்டாலும் போவதில்லை. சோறு பாதி தட்டிலேயே கிடக்கிறது. எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறாள்.

"வயசுக் கோளாறு" என்கிறார் அப்பா. "காத்து கருப்பு பட்டிருக்கும்" என்கிறார் பாட்டி. "சோம்பேறித்தனம்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

இது மனச்சோர்வு என்ற நோயாகவும் இருக்கலாம்.

வருத்தம் வேறு, மனச்சோர்வு வேறு

பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால் பிள்ளை அழும். சில நாளில் தேறிவிடும். அது வருத்தம். வாட்டமோ எரிச்சலோ 2 வாரத்துக்கு மேல் தினமும் இருந்தால் கவனியுங்கள். தூக்கம் கெடும். படிப்பில் மனம் நிற்காது. தலைவலி, வயிற்றுவலி என்று பிள்ளை அடிக்கடி சொல்லும். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று நினைக்கும்.

சில பிள்ளைகளுக்கு இது ஓர் ஆண்டுக்கு மேலும் நீடிக்கும். "அவன் சுபாவமே அப்படி" என்று வீட்டில் பழகிவிடுவார்கள். அதனால் மருத்துவம் தள்ளிப் போகும்.

ஏன் வருகிறது?

காரணம் ஒன்று அல்ல. குடும்பத்தில் முன்பே யாருக்காவது இருந்திருக்கலாம். வீட்டில் குடி, சண்டை, அடி இருக்கலாம். பள்ளியில் கேலி இருக்கலாம். யாராவது பிள்ளையிடம் தவறாக நடந்திருக்கலாம். எதுவானாலும் அது பிள்ளையின் குற்றம் அல்ல.

என்ன செய்வது?

முதலில் பக்கத்தில் உட்காருங்கள். "என்னம்மா, மனசுக்கு என்ன கஷ்டம்?" என்று கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள்.

பிறகு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் தொடங்கியது. அரசு மனநலச் சேவையைப் பெறுவது நம் உரிமை என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

பல பிள்ளைகளுக்குப் பேச்சு முறைச் சிகிச்சை பலன் தரும். நோய் கடுமையாக இருந்தால் மருத்துவர் மாத்திரையும் தருவார். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். முதல் வாரங்களில் பிள்ளையைக் கூடுதலாகக் கவனியுங்கள். குணமானது போலத் தெரிந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உடனே கவனிக்க வேண்டியது

"செத்துப் போகலாம்" என்று பிள்ளை சொன்னால் விளையாட்டு என்று விடாதீர்கள். சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனம் திறக்கத்தான் உதவும். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்தைப் பூட்டி வையுங்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

14416 என்ற எண்ணுக்கு இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம். இது 2022-ல் மத்திய அரசு தொடங்கிய சேவை. தமிழிலும் பேசலாம்.

வராமல் காக்க

நல்ல தூக்கம் வேண்டும். விளையாட நேரம் வேண்டும். அடியும் ஒப்பிட்டுப் பேசுவதும் வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாட்டையாவது சேர்ந்து சாப்பிடுங்கள்.

காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறோம். மனம் வாடினால் பேச்சுக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். இன்று உங்கள் பிள்ளையோடு பேசினீர்களா?