மூன்று தாழ்ப்பாள் போட்ட காற்று

"காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தானே, பிறகு எதற்கு யூரியா மூட்டை?" என்று மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார். அருமையான கேள்வி. அணுவுக்குள் போனால்தான் விடை கிடைக்கும்.

நைட்ரஜன் அணுவில் ஏழு எலக்ட்ரான்கள். உள்கூட்டில் இரண்டு, வெளிக்கூட்டில் ஐந்து. வெளிக்கூடு எட்டால் நிறைய வேண்டும்; மூன்று குறைகிறது. அதனால் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் சேரும்போது ஆளுக்கு மூன்று எலக்ட்ரானைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இதுவே முப்பிணைப்பு. எங்கள் பழைய வீட்டுக் கொல்லைக் கதவுக்கு மேலே, நடுவே, கீழே என மூன்று தாழ்ப்பாள்கள் உண்டு; ஒன்றை நீக்கினாலும் கதவு அசையாது. இதுவும் அப்படித்தான். 28 கிராம் நைட்ரஜனின் பிணைப்புகளை அறுக்க ஏறத்தாழ 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அதே எண்ணிக்கையுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகளுக்கு 498 போதும்.

பயிரால் இந்தப் பிணைப்பை அறுக்க முடியாது; மின்னலால் முடியும். மனிதர்களில், காற்று நைட்ரஜனை அம்மோனியாவாக்க வழி கண்டவர் ஜெர்மனியின் ஃப்ரிட்ஸ் ஹேபர், 1909இல். கார்ல் போஷ் அதை ஆலையாக்கினார். 1913இல் அந்நாட்டின் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. 400 டிகிரிக்கு மேல் வெப்பம், காற்றழுத்தத்தைப் போல் 200 மடங்கு அழுத்தம். அந்த அம்மோனியாவிலிருந்துதான் யூரியா; மூட்டைக்குள் இருப்பது இந்த நெருப்புதான்.

உளுந்தின் வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா அதே வேலையைச் சாதாரண மண்ணின் சூட்டிலேயே முடித்துவிடுகிறது! இரும்பும் மாலிப்டினமும் கொண்ட நைட்ரஜனேஸ் என்ற நொதிதான் அதன் கருவி. ஆனால் ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும். பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்க்கச் செடி தயாரிக்கும் பொருளை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். நம் ரத்தத்துச் சிவப்பணுவில் இருப்பதற்கு நெருங்கிய உறவான லெக்ஹீமோகுளோபின் அது. ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, அளந்து அளந்து கொடுக்கிறது. ஒரு பருப்புச் செடியின் வேரில் ரத்தச் சிவப்பு!

இத்தனை பாடுபட்டு அறுத்த பிணைப்பை நாம் அள்ளி வீசுகிறோம். பயிர் எடுத்தது போக மிச்சம் நைட்ரேட்டாகிக் கிணற்று நீரில் இறங்குகிறது, நைட்ரஸ் ஆக்சைடாகி வானத்துக்கும் ஏறுகிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த மண்ணில் உளுந்தும் முடிச்சுப் போடுவதைக் குறைத்துக்கொள்ளும். நெல் தரிசில் உளுந்து தெளிக்கும் டெல்டாக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நின்றுவிட்டது. அடுத்த பருவத்தில் விதையோடு ரைசோபியம் கலந்து விதையுங்கள்.