பெட்ரோல் கசிவை நாடுதல்

பழைய மோட்டார் வண்டியிற் பெட்ரோல் வாடை எழுமாயின், அது பழமையின் இயல்பென்று வாளாவிருத்தல் தகாது. பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமுடையது; தரையோடு படிந்து பரவி, சிறு பொறிக்கும் பற்றிக்கொள்வது. ஆதலின் கசிவை நாடுவோர் கையில் டார்ச்சு விளக்கன்றி வேறு விளக்கு ஆகாது.

2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் வண்டிகளுள், கார்புரேட்டர் உடையதொன்றை எடுத்துக்கொள்வோம். தொட்டி பின்புறத்திலும் எஞ்சின் முன்புறத்திலும் இருத்தலின், இடைப்பட்ட நெடுங்குழாய் முழுவதும் ஐயத்திற்கு இடமாம். சொட்டு விழுமிடமே கசியுமிடமென்று கொள்ளற்க. பெட்ரோல் குழாயின்மேல் வழிந்தோடித் தாழ்ந்தவிடத்திற் சொட்டும். குழாயைத் துடைத்து உலர்த்தி, ஈரம் முதலிற் றோன்றுமிடத்தை நோக்குதல் வேண்டும். தொட்டி நிரம்பியபோது மட்டும் வாடை எழுமாயின், பெட்ரோல் ஊற்றும் வாயின் ரப்பர் குழாயை ஐயுறலாம். எஞ்சின் ஓடும்போது மட்டும் எழுமாயின், பம்புக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள இணைப்புகளைப் பார்க்க. 2025ஆம் ஆண்டில் இந்தியப் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டியது; அதற்கென அமையாத பழைய ரப்பர் அதனாற் கெடக்கூடும்.

இனி, தரையிற் சுவடே விடாத கசிவும் ஒன்றுண்டு. எஞ்சினால் இயங்கும் பம்பின் உட்சவ்வு கிழிந்தால், பெட்ரோல் உள்ளேயே இறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலந்துவிடும். அளவுகோலை உருவிப் பார்த்து, எண்ணெய் குறையவேயில்லை என மகிழ்வாரும் உளர்! அதனை முகர்ந்து பார்த்தால் உண்மை விளங்கும். நீர்த்த எண்ணெய் உராய்வைத் தடாது; பம்பைச் செப்பனிட்டு, எண்ணெயையும் மாற்றிய பின்னரே எஞ்சினை இயக்கலாம்.