வராலும் பிளாஸ்டிக் தவளையும்

சென்ற திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெங்களூரின் புறநகர் ஏரி ஒன்றின் கரையில் நின்றிருந்தோம். உடன் வந்த நண்பரின் மகன் பச்சைத் தவளை ஒன்றை நம் உள்ளங்கையில் வைத்தான். தொட்டால் குழைந்தது, ஆனால் உயிரில்லை. மென்மையான பிளாஸ்டிக்கால் ஆன தூண்டில் இரை அது. மண்புழுவும் உயிர்த்தவளையும் கோத்து வரால் பிடித்த தஞ்சைக் குளக்கரை நம் நினைவில் எழுந்தது.

இவ்விரையின் வரலாறு சுவையானது. 1949ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், நிக் கிரீம் என்பவர் தம் வீட்டிலேயே பிளாஸ்டிக் புழுவை வார்த்தெடுத்தார். அந்நாட்டார் பெரிதும் விரும்பிப் பிடிப்பது பாஸ் என்னும் மீன். அது நம் ஏரிகளுக்கு உரியதன்று. எனினும் அதன் இயல்புகள் சில நம் வராலுக்கும் உண்டு. பாசிக்கும் கொடிக்கும் இடையே பதுங்கியிருந்து, அசையும் இரைமீது திடீரெனப் பாயும்.

தூண்டில் முள் தவளையின் உடலோடு ஒட்டிக் கிடப்பதால் கொடியில் சிக்குவதில்லை. மீன் கவ்வும்போது மெல்லுடல் அமுங்க, முள் வெளிப்படுகிறது. "கவ்வியவுடன் இழுக்கக் கூடாது, மாமா; சற்றுப் பொறுக்க வேண்டும்" என்று விளக்கினான் சிறுவன்.

அவ்வமயம் நீர்மேல் செந்நிறக் குஞ்சுகளின் திரள் ஒன்று கொதிநீர்போல் கொப்பளித்தது. குஞ்சுகளுக்குக் காவலாய் உடன் திரிவது வராலின் இயல்பு. அத்திரளருகே தவளை விழுந்தால், பெற்ற மீன் பசியால் அன்றிக் காவற் சினத்தால் பாயும், எளிதில் அகப்படும். பின்னர்க் குஞ்சுகளின் கதி என்ன? பிற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாவதே. இதனைக் கூறினோம். ஓங்கிய கை தாழ்ந்தது. "வேறிடம் போவோம், மாமா" என்றான். அன்று வெறுங்கையோடு திரும்பினோம். ஆயினும் உள்ளம் நிறைந்திருந்தது.

பிள்ளைகளைத் தூண்டிலோடு அனுப்பும் பெற்றோருக்கு ஒரு சொல். ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுவதுண்டு. ஆதலின் முன்னரே அனுமதி பெறுக. கிழிந்த பிளாஸ்டிக் இரை மண்புழுபோல் மக்குவதன்று. அதனை நீரில் எறியாது வீட்டுக்குக் கொணர்க. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை நாம் மறந்துவிடவில்லை. வந்து வாழும் ஊரின் நீரைப் பேணுவதும் நம் கடனன்றோ!