ஏரியைக் காப்பதும் திருப்பணியே!

காஞ்சிபுரத்திற்குக் கிழக்கே, வாலாஜாபாத்தை அடுத்து அமைந்த பழம்பதி தென்னேரி. தொண்டைமான் இளந்திரையன் பெயரால் ‘திரையனேரி’ என வழங்கிய ஊர், நாளடைவில் தென்னேரி என மருவிற்று என்பர். ஏரியின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று! காஞ்சி மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று இது. அருள்மிகு ஆபத்சகாயேசுவரர், கந்தளீசுவரர் என இரு சிவாலயங்கள் சோழர் காலக் கல்வெட்டுகளுடன் இவ்வூரில் விளங்குகின்றன. ஏரி நிறைந்தால் வயல் விளையும். வயல் விளைந்தால் ஆலயத்தில் அமுதுபடி குறையாது. நம் முன்னோர் கண்ட கணக்கு இவ்வளவே.

வேள்வி முதலியவற்றை ‘இஷ்டம்’ என்றும், குளம் தொட்டு, கிணறு வெட்டி, சோலை வளர்த்து, அன்னமிடுதலைப் ‘பூர்த்தம்’ என்றும் சாத்திரங்கள் கூறும். இரண்டும் இணைந்ததே இஷ்டாபூர்த்தம். நாமோ ஹோமங்களைக் குறைவின்றி நடத்துகிறோம். பூர்த்தத்தை மட்டும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம்.

பருவநிலை மாற்றம் என்ற சொல் இன்று எங்கும் கேட்கிறது. வெப்பம் மிகுந்த காற்று கூடுதலான ஈரத்தைச் சுமக்கும். ஆதலால் பெய்யும்போது மழை கொட்டித் தீர்க்கும், பெய்யாத நாள்களோ நீளும் என்பது அறிஞர் கூற்று. அத்தகைய இரு கோலங்களையும் தொண்டை மண்டலம் நான்கே ஆண்டு இடைவெளியில் கண்டது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அடையாற்றில் வெள்ளமாய்ப் பெருகியது. 2019 ஜூனில் அதே ஏரி வறண்டு கிடந்தது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அனந்தசரஸிலிருந்து எழுந்தருளிய அத்தி வரதரைச் சேவிக்க இலட்சோபலட்சம் பேர் காஞ்சியில் வரிசையில் நின்றோம். அதே நாள்களில் சென்னையில் மக்கள் குடங்களுடன் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றனர்.

ஒரே வாரத்தில் கொட்டும் மழையை ஆண்டு முழுவதற்கும் தேக்கிவைக்க ஏரியைவிடச் சிறந்த கலம் வேறில்லை. அதைப் பேணுவது யார் பொறுப்பு என்பதே கேள்வி.

தென்னேரிக்குத் தெற்கே உத்திரமேரூரில் இதற்கு விடை கல்லிலேயே உள்ளது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. தேர்தல் முறைக்காக அவற்றைப் போற்றும் நாம், எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர். ஏரி வாரியத்திற்கு அறுவர். பணிக்காலம் 360 நாள்கள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியிழந்தனர்! பக்தியும் கட்டுப்பாடும் ஒருங்கே இருந்த காலம் அது.

வாரியம் இருந்த இடத்தில் இன்று ஊராட்சி உள்ளது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உடைய ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பு. அதனினும் சிறியவை ஊராட்சி ஒன்றியத்தைச் சார்ந்தவை. “பெரிய ஏரி எங்களுடையதன்று” என்று ஊராட்சி கைவிரிக்கக் கூடும். ஆயினும் தாங்கல்களும் ஊருணிகளும் தூர்ந்திருக்கப் பெரிய ஏரி மட்டும் ஊரைக் காத்துவிடாது. ஐப்பசி மழைக்கு முன்பே வரத்துக் கால்வாயில் முட்செடிகளை அகற்றுவது, கலங்கலின் மறுபுறம் குப்பை கொட்டாமல் தடுப்பது, மதகு பழுதாயின் உடனே எழுதித் தெரிவிப்பது ஆகியவற்றிற்குப் பெருநிதி வேண்டா. வண்டல் மண்ணைக் கட்டணமின்றி வயலுக்கு எடுத்துச்செல்ல, 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி அளிக்கிறார். ஏரியும் ஆழமாகும், நிலமும் வளமாகும்.

சிற்றூராட்சிக்கு இவ்வளவு இயலுமா என்று ஐயுறுவோர் கோவை மாவட்டத்து ஓடந்துறையை நோக்கலாம். மேட்டுப்பாளையம் அருகிலுள்ள அந்த ஊராட்சி, திரு. ஆர். சண்முகம் தலைவராக இருந்தபோது, 2006-இல் சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. பெரும்பகுதி வங்கிக் கடன். தெருவிளக்கிற்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் தேவை போக எஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்திற்கு விற்று, அந்த வருவாயிலேயே கடனையும் அடைத்தது. நிலக்கரிப் புகையும் குறைந்தது, ஊர்ப்பணமும் மிஞ்சியது.

ஆலயங்களும் பின்தங்கவில்லை. திருமலையில் 2002-லேயே சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கி, நாள்தோறும் பதினைந்தாயிரம் பேருக்குச் சமைக்கும் அமைப்பை நிறுவினர். அவ்வளவு பெரிது எல்லாக் கோயில்களுக்கும் இயலாது. ஆனால் பிரகாரத்து மேல்தளத்தில் விழும் மழையைத் திருக்குளத்திற்குத் திருப்பலாம். நிர்மால்ய மலர்களை எருவாக்கி நந்தவனத்திற்கு இடலாம். அன்னதானத்தை வாழையிலையிலோ தையல் இலையிலோ பரிமாறலாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1 முதல் தமிழகம் தடைசெய்துள்ளது. இருந்தும் பிரசாதம் பிளாஸ்டிக் பையில் வருவதைக் காணும்போது மனம் கூசுகிறது. கும்பாபிஷேகத்திற்கு நிதி திரட்டும் திருப்பணிக் குழு, அதில் ஒரு பங்கைக் குளம் தூர்வார ஒதுக்கினால் யார் வேண்டாமென்பர்?

உத்திரமேரூர்க் கல்வெட்டு எழுபது வயதைக் கடந்தவருக்கு வாரியத்தில் இடம் தரவில்லை. நம் வாசகர்களில் பலர் அதைப் படித்துப் புன்னகைக்கக் கூடும். ஆனால் இன்று எந்த வயலோரம் வரத்துக் கால்வாய் ஓடியது, எந்த மடையில் நீர் முதலில் பாய்ந்தது என்று அறிந்தோர் எழுபதைக் கடந்தவர்களே. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அவற்றுள் ஒன்று. அன்று பேரனைத் துணைக்கு அழைத்துச் சென்று, தாம் அறிந்த கால்வாயின் தடத்தைச் சபையில் கூறி, அதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதுவித்துக் கையொப்பமிட்டு வரலாம்.