வளரும் நகரும் வருங்காலத் திட்டமும்



யாழ்ப்பாணத்தில் வீடு கட்ட எண்ணும் ஒருவர் முதலிற் செய்யும் காரியம் கிணறு வெட்டுவதாகும். வளவின் எந்த மூலையில் கிணறு அமைய வேண்டும், மலகூடம் அதற்கு எவ்வளவு தூரத்தில் அமைய வேண்டும், மாரி வெள்ளம் எப்பக்கமாக வழிந்தோடும் என்பனவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்த பின்னரே அத்திவாரத்துக்குக் கயிறு பிடிப்பார்கள். ஒரு குடும்பம் தன் வருங்காலத்தைக் கருதிச் செய்யும் இந்த முன்யோசனையை ஒரு நகரம் முழுவதற்குமாகச் செய்வதே நகரத் திட்டம் எனப்படுவது.

அப்படியானால், ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் வளவை ஒழுங்காக அமைத்துக்கொண்டால் நகரமும் தானாகவே ஒழுங்காகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. ஏன் என்பதை ஒரு சிறு கணக்கினாற் காட்டுகின்றேன்.

எட்டுப் பரப்புக் காணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அஃது அரை ஏக்கர். சதுரமான காணியாயின் ஒரு பக்கம் ஏறக்குறைய 148 அடி வரும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடியேனும் இருத்தல் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. இந்த வளவில் அதற்குத் தாராளமாக இடமுண்டு. தகப்பனார் தம் பெண்மக்கள் இருவருக்கும் நாலு நாலு பரப்பாகச் சீதனம் எழுதுகின்றார். அப்பெண்கள் தம் பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு பரப்பாகப் பிரித்துக் கொடுக்கின்றார்கள். இரண்டு தலைமுறையில் ஒரு வளவு நான்கு வளவாயிற்று. ஒவ்வொன்றின் பக்கமும் 74 அடி. ஒரு கிணறு இருந்த இடத்தில் நான்கு கிணறுகள். ஒரு குழி இருந்த இடத்தில் நான்கு குழிகள். ஒவ்வொருவரும் தம் குழியைத் தம் கிணற்றுக்கு எதிர்மூலையிலேதான் அமைத்திருக்கின்றார். ஆனால், அந்த எதிர்மூலை அயல்வீட்டுக் கிணற்றடியாக முடிந்துவிடுகின்றது. இதில் எவரும் பிழை செய்யவில்லை. ஆயினும், நால்வருடைய தண்ணீரும் கெட்டுப்போகின்றது.

தனித்தனியே பார்த்தாற் சரியாகவிருக்கும் செயல்கள் ஒன்றுசேரும்போது பொதுத் தீங்காக மாறும் இடம் இதுவே. நகரத் திட்டத்தின் தேவையும் இங்கேதான் பிறக்கின்றது.

நகரத் திட்டம் என்றதும் பலருடைய மனக்கண்முன் அகன்ற வீதிகளும் மாடிக் கட்டடங்களும் தோன்றுகின்றன. உண்மையில், முழுமையான திட்டம் என்பது அடுத்த 15 அல்லது 20 ஆண்டுகளில் ஒரு நகரின் நிலமும், நீரும், போக்குவரத்தும், தொழிலும், மக்கள் குடியிருப்பும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கி நிற்கும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கும் ஓர் ஒழுங்காகும். இதனை ஆக்கும் முறையைப் படிப்படியாக நோக்குவோம்.

முதற்படி, உள்ளதை உள்ளபடி அறிதல். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்த பின்னரன்றோ மருந்து சொல்லுகின்றார்! நகரமைப்புக் கலைக்கும் இவ்விதி பொருந்தும் என்று வற்புறுத்தியவர் ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் என்பவர். நகரங்களைப் பற்றிய வரைபடங்களையும் படங்களையும் பல காலமாகச் சேகரித்து, அவற்றைச் சென்னையிற் கண்காட்சியாக வைக்கும் பொருட்டு 1914 ஆம் ஆண்டு அவர் கப்பலேற்றினார். அக்கப்பலை எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. சேகரித்தவையெல்லாம் கடலின் அடியிற் போயின. கெடிஸ் மனந்தளரவில்லை. நண்பர்களின் உதவியுடன் புதிதாக ஒரு தொகுதியைச் சேர்த்து 1915 ஆம் ஆண்டிற் சென்னையிற் காட்சியை நடத்தினார். பின்னர்த் தமிழகத்து நகரங்கள் பலவற்றைத் தெருத்தெருவாக நடந்து ஆராய்ந்தார். 1921 ஆம் ஆண்டில் கொழும்புக்கும் வந்து அந்நகரைப் பற்றி அறிக்கை எழுதினார். பழைய தெருக்களை இடித்துத் தள்ளி நேர்கோட்டில் வீதி போடுவதை அவர் விரும்பவில்லை. அவசியமான இடத்தில் மாத்திரம் கத்தி வைத்து, ஏனைய உறுப்புக்களைக் காக்கும் சத்திரவைத்தியரைப் போல நகரமைப்பாளரும் நடந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை.

அந்த வழியில் யாழ்ப்பாண நகரை ஆராயப் புகுவோர் முதலில் எதைக் காண்பார்? மேலே வீடும் வீதியும், கீழே சுண்ணக்கல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே நிலத்துக்குள் இறங்கிக் கிணறுகளில் ஊறுகின்றது. கடல் சூழ்ந்த இந்நிலத்தின் அடியில், பாரம் குறைந்த நன்னீர் பாரம் கூடிய உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நிற்குமாயின், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. இதனை மறுபக்கமாகவும் பார்க்க வேண்டும். அளவுக்கு மேல் இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், காலப்போக்கில் உவர்நீர் 40 அடி மேலெழ இடமுண்டாகின்றது. மேலும், சுண்ணக்கல்லில் வெடிப்புக்களும் பொந்துகளும் மிகுதி. மணல் நிலம் அழுக்கை வடிப்பதுபோல இக்கல் வடிப்பதில்லை. மலக்குழியின் கசிவும் தோட்டத்துப் பசளையும் நைத்திரேற்றாக நீரிற் கலக்கின்றன. குடிநீரில் இது லீற்றருக்கு 50 மில்லிகிராமை மிஞ்சக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இவ்வளவு மிஞ்சியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்த உண்மைகள் முன்னே இருக்கும்போது, வீதியின் அகலத்தை மாத்திரம் பேசும் திட்டம் திட்டமாகுமா?

இரண்டாம் படி, வருங்கால மக்கட்டொகையைக் கணித்தல். சென்ற பத்தாண்டில் இவ்வளவு கூடியது, ஆகவே வரும் பத்தாண்டிலும் இவ்வளவு கூடும் என்று கணிப்பது எளிது. ஆனால், அதை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. 1949 ஆம் ஆண்டு மாநகர சபையாக உயர்ந்த யாழ்ப்பாணத்தில் 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறக்குறைய 118,000 பேர் வாழ்ந்தனர். அன்று நகரமைப்பாளர் ஒருவர் அடுத்த முப்பது ஆண்டுகளுக்குக் கோடு கீறியிருந்தால், அக்கோடு மேல்நோக்கியே சென்றிருக்கும். பின்னர் நிகழ்ந்தவற்றை நேயர்கள் அறிவீர்கள். யுத்தம் வந்தது. 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் நகரமே பெயர்ந்து நடந்தது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் மாநகர எல்லைக்குள் எண்ணப்பட்டவர்கள் ஏறக்குறைய 88,000 பேர்தாம். ஆகையால், அறிவுடைய திட்டக்காரர் ஒரே எண்ணைச் சொல்லுவதில்லை. குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு, நடுத்தரமாக இவ்வளவு என மூன்று கணக்குப் போட்டு, மூன்றுக்கும் இயைந்து கொடுக்கக்கூடிய முறையில் நகரை அமைக்க முயல்வர்.

மூன்றாம் படி, நிலத்தை வகுத்தல். குடியிருப்புக்கு எது, சந்தைக்கும் கடைக்கும் எது, பட்டறைகளுக்கு எது, பாடசாலைக்கும் விளையாட்டிடத்துக்கும் எது என்று வகுப்பதை எல்லாரும் அறிவர். அதனிலும் முக்கியமானது, எந்த நிலத்தில் எதுவும் கட்டக்கூடாது என்று முடிவு செய்வதாகும். ஆரியகுளம், புல்லுக்குளம் போன்ற குளங்களும் அவற்றை நாடி வரும் வாய்க்கால்களும் வெறும் நிலங்களல்ல. மாரியில் அவை வெள்ளத்தை ஏற்கின்றன. கோடையில் அயற்கிணறுகளுக்கு ஊற்றைத் தருகின்றன. குளத்தைத் தூர்த்து ஒரு கட்டடம் எழுப்பினால், அந்தக் கட்டடத்துக்குரிய தண்ணீரை எங்கிருந்து கொண்டுவருவது?

நான்காம் படி, மக்களைக் கேட்டல். திட்டத்தின் உயிர்நிலை இதுவே. வரைபடத்திற் கீறப்படும் ஒரு மெல்லிய கோடு, நிலத்தில் ஒருவருடைய மதிலையும் மாமரத்தையும் ஊடறுத்துச் செல்லும் கோடாகும். வீதி அகலிக்கப்படுவதால் ஊருக்கு நன்மை உண்டு. ஆனால், இரண்டு பரப்பில் அரைப் பரப்பை இழப்பவருக்கு அது பெரும் நட்டம். அவருக்குத் தக்க நட்டஈடு கிடைக்குமா, எப்போது கிடைக்கும் என்பதைத் திட்டம் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். வரைவுத் திட்டத்தை அலுவலக மேசையில் வைத்து, ‘வந்து பாருங்கள்’ என்று அறிவித்தல் ஒட்டினால் மாத்திரம் போதாது. சந்தையிலும், வாசிகசாலையிலும், கோயில் மண்டபத்திலும் வரைபடத்தை விரித்து, மக்களுக்கு விளங்கும் தமிழில் விளக்குதல் வேண்டும். எந்த ஒழுங்கையில் வெள்ளம் முழங்காலளவு நிற்கும் என்பதை எந்த நிபுணரிலும் பார்க்க அவ்வொழுங்கைப் பெண்கள் நன்கறிவர்.

ஐந்தாம் படி, சட்டமும் பணமும். இலங்கையில் 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச்சட்டம், 1946 ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடற் கட்டளைச்சட்டம், 1978 ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் ஆகியன இத்துறைக்கு அடிப்படையாயுள்ளன. சட்டத்தின் வலிமையில்லாத திட்டம் வெறும் புத்திமதியாகும். பணமில்லாத திட்டமோ சுவரில் மாட்டிய படமாகும். முதல் ஐந்தாண்டில் எவை, அடுத்த ஐந்தாண்டில் எவை, எவற்றுக்கு மாநகர சபையின் வரிப்பணம், எவற்றுக்கு அரசாங்கத்தின் உதவி என்று வரிசை குறித்தல் வேண்டும். அவ்வரிசை தவறினால், இன்று தார் போட்ட வீதியை நாளை குழாய் புதைப்பதற்காகக் கிண்ட நேரும். அக்காட்சி நமக்குப் புதியதன்று.

வரிசை தவறுவதில் இதனிலும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் ஒன்று 2024 ஆம் ஆண்டு தாளையடியில் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரத்தக்க நிலையம் அது. குழாய்வழி நல்ல நீர் வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், வாளியால் அள்ளிக் குளிப்பவர் செலவழிக்கும் நீரிலும் குழாயைத் திறந்துவிட்டுக் குளிப்பவர் செலவழிக்கும் நீர் அதிகம். வீட்டுக்குள் வரும் நீர் பெருகினால் வீட்டைவிட்டுப் போகும் கழிவுநீரும் பெருகும். அதற்கு வழி செய்யப்படாத இடங்களில் அது மீண்டும் அதே சுண்ணக்கல்லுக்குள்ளேதான் இறங்கும். நீர் வழங்கலைப் பற்றி ஓர் இலாகாவும், கழிவைப் பற்றி வேறோர் இலாகாவும், வீதியைப் பற்றி மற்றோர் இலாகாவும் தனித்தனியே சிந்தித்தால், முன்பு கூறிய நான்கு வளவுகளின் கதையே நகரளவிற் பெரிதாகி நிகழும்.

இறுதிப்படி, மீள்பார்வை. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் திட்டத்தை எடுத்து, சொன்னவற்றில் எவை நடந்தன, எவை நடக்கவில்லை, எவை பிழைத்தன என்று பார்த்துத் திருத்துதல் வேண்டும். திருத்துவது வெட்கத்துக்குரியதன்று, திருத்தாமல் விடுவதே நகருக்குக் கேடாகும்.

சிறு நகரமொன்று தன் திட்டத்தைத் தீட்டும்போது பெருநகரங்களைப் பார்த்துப் பொறாமைகொள்ள வேண்டியதில்லை. சிறுமையிலும் ஒரு வசதி உண்டு. நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரு காலைப்பொழுதில் நடந்து பார்த்துவிடலாம். பிழைகள் பெருகுமுன் கண்டு தடுத்துவிடலாம். அவ்வாறு நடந்து பார்க்கும் பொறுப்பு அதிகாரிகளுக்கு மாத்திரம் உரியதன்று. அடுத்த முறை உங்கள் வளவைப் பிரித்து உறுதி எழுத நேரும்போது, உங்கள் கிணற்றைப் பார்ப்பதோடு நில்லாமல், வேலிக்கு அப்பாலுள்ள கிணற்றையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். நகரத் திட்டம் அந்தப் பார்வையிலேதான் ஆரம்பமாகின்றது.